சரோஜம்மாளின் குரல் ஏரிக்குப் போன கதை

திம்மராயன் பெங்களூரிலிருந்து கொண்டு வந்த மிஷின், புதைந்து கிடக்கும் நகையைக் கண்டால் வெறுமனே கூவாது. அந்த நகையைக் கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் குரலில், தொட்டபோது அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும். தளிக்குக் கிழக்கே கெம்பசந்திரத்தில் 1954ஆம் வருடம் மாசி மாதம் இது ஆரம்பித்தது. அந்த வருடம் ராகி நன்றாக விளைந்திருந்தது, பூசணிக்காய் விலை போகவில்லை. திம்மராயன் பட்டாளத்தில் கண்ணிவெடி தேடும் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே கழித்துப்போட்ட கருவி ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்திருந்தான். நீளக் கம்பு, முனையில் வட்டத் தட்டு, முதுகில் சுமக்க ஒரு பேட்டரிப் பெட்டி. காதில் மாட்டும் கருவி உடைந்திருந்ததால் அதற்குப் பதில் கிராமபோன் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தான். வினையெல்லாம் அந்தக் குழாயால்தான். காதில் மாட்டியிருந்தால் விஷயம் அவனோடு நின்றிருக்கும், குழாய் வழியாக ஊருக்கே கேட்டது.

முதலில் மாட்டியவன் பெருமாள். பாகப் பிரிவினையின்போது காணாமல் போன அம்மாவின் காசுமாலை அவன் மாட்டுத் தொட்டிக்கு அடியில் இருந்தது. மிஷின் அவன் குரலிலேயே, "அண்ணனுக்குத் தெரியாம இருந்தா சரி" என்றது. அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அதற்கு அப்புறம் காவேரியின் வளையல் அவரைப் பந்தலுக்குக் கீழே கிடைத்தது. குடிகாரப் புருஷனுக்குப் பயந்து அவளே புதைத்துவிட்டுத் தொலைந்துபோச்சு என்று அழுதிருக்கிறாள், பாவம். அதையும் மிஷின் அவள் குரலிலேயே போட்டு உடைத்தது. இப்படி வீட்டுக்கு வீடு பேச்சு நின்றது, பங்காளிகள் எதிரெதிரே வந்தால் துப்பிக்கொண்டு போனார்கள். திம்மராயனுக்கு யாரும் நெருப்பு கொடுக்கவில்லை, நாவிதர் சவரம் செய்யவில்லை. ஆனால் ஊரை விட்டுத் துரத்தவும் இல்லை. ஏன் என்றால் ஒவ்வொருத்தனுக்கும் அடுத்தவன் வீட்டு மண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கும் ஆசை. நம் ஊர் லட்சணம் அப்படி.

இந்த மிஷின் வரவேண்டும் என்று உண்மையாக வேண்டிக்கொண்ட ஒரே ஆள் செல்லி. அஞ்சு வருடமாக அவளுக்குத் திருடி என்று பெயர். பெரிய வீட்டில் சாணி அள்ளி, களம் பெருக்கிக்கொண்டிருந்தவள். ஏரி நிரம்பிய ஒரு வருடம், அந்த வீட்டு அம்மாள் சரோஜம்மாளுக்கு அவள் மாமியார் விட்டுப்போன கெம்புக்கல் அட்டிகை காணாமல் போனது. அன்றைக்கு ஏரிக்கரை வரைக்கும் பூஜைக் கூடை சுமந்து வந்தவள் செல்லி, அதனால் எடுத்தவளும் செல்லிதான் என்றாகிவிட்டது. அவள் புருஷன் ராமப்பனைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். கட்டு அவிழ்த்ததும் கோலாருக்குச் சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. செல்லியை யாரும் கூலிக்குக் கூப்பிடவில்லை, பர்கூர்ப் பக்கம் போய்க் கல் உடைத்துக் கஞ்சி குடித்தாள். அவளுக்கு அதெல்லாம்கூடப் பெரிசில்லை. மகள் நாராயணம்மா வயசுக்கு வந்து நின்றாள், பெண் கேட்டு வருகிறவர்கள் ஊர் எல்லையிலேயே திருடி மகள் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். நீ எடுக்கவில்லை என்று சரோஜம்மாள் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும். செல்லிக்கு அவ்வளவுதான் வேண்டும்.

சரோஜம்மாளின் புருஷன் பெரிய வீட்டு நாராயணப்பன் இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தார். சரி, மிஷினே சொல்லட்டும் என்றார். நகையை மிஷின் காட்டாவிட்டாலோ, காட்டிய இடத்தில் செல்லியின் குரல் கேட்டாலோ, அவளும் மகளும் பொழுது சாய்வதற்குள் ஊரைக் காலிசெய்ய வேண்டும். ஊர் முழுக்கத் தலையாட்டியது. அவள் குடிசைக்குள் தோண்டினார்கள், அடுப்பைப் பெயர்த்தார்கள், எருக்குழியைக் கிளறினார்கள். மிஷின் ஊமையாக இருந்தது. வெள்ளையம்மா என்கிறவள், இந்த வேடிக்கை பார்க்கவென்றே களத்தில் சோளத்தைக் காயப்போட்டவள், நிலத்தில் எங்கே இருக்கப்போகுது, பயந்துபோய் ஏரியில போட்டிருப்பா என்றாள். நாராயணப்பனுக்கு அது பிடித்துப்போனது. ஏரியில் கிடைத்தாலும் திருட்டு திருட்டுதானே.

"ஏரியிலயும் பாருண்ணா" என்றாள் செல்லி. "என் குரலு வந்துச்சின்னா நானே போயிடறன்."

திம்மராயன் சைக்கிள் டியூபை அறுத்துத் தட்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் கட்டிக்கொண்டு இறங்கினான். கோடைக்கு ஏரி வற்றி, நடுவில் இடுப்பளவுதான் தண்ணீர். கரை நிறைய ஜனம். வழியில் எத்தனையோ நகைகள் பேசின, ஏதோ காலத்தில் விழுந்த மூக்குத்தி ஒன்று தெலுங்கில் திட்டியது, யாரும் காதில் வாங்கவில்லை. மதகுக்கு நேரே ஆழமான இடத்தில் தட்டு இறங்கியதும், குழாயிலிருந்து சரோஜம்மாளின் குரல் கணீரென்று வந்தது.

"கங்கம்மா, எங்க மாமியா அட்டிகை இது. கண்ணால பாத்துக்கோ தாயே, மூடறப்ப எடுத்துக்கறன்."

கரையில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் புரிந்துபோனது. கன்னடத்துப் பக்கம் போலவே இங்கேயும் ஏரி நிரம்பி வழிந்தால் கங்கம்மாவுக்குப் பாகினம் விடுவார்கள். புது முறத்தில் மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, மஞ்சள் நூலால் கட்டித் தண்ணீரில் விடுவது. பெரிய வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம். அட்டிகையை முறத்தில் வைத்து அம்மனுக்குக் காட்டிவிட்டு, மூடுவதற்கு முன்னால் எடுத்துக்கொள்வார்கள். மூடுகிறவள் முறத்தைப் பார்க்கக்கூடாது, கிழக்கே பார்க்கவேண்டும். விட்ட பிறகு திரும்பிப் பார்க்காமல் வீடு வரவேண்டும். அந்த வருடம் ராகுகாலம் நெருங்கிவிட்ட அவசரத்தில் சரோஜம்மாள் எடுக்க மறந்து மூடியிருக்கிறாள். வருடா வருடம் எடுத்த ஞாபகத்தில் இந்த வருடமும் எடுத்ததாக சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறாள்.

திம்மராயன் முக்குளித்துச் சேற்றோடு அட்டிகையை எடுத்து வந்தான். கெம்புக்கல் ஒன்றுகூட உதிரவில்லை. எல்லாரும் சரோஜம்மாளைப் பார்த்தார்கள், செல்லி மட்டும் அவள் வாயைப் பார்த்தாள். அங்கேதான் அந்த அம்மாள் கெட்டாள். அந்த நேரத்தில் மறந்துட்டேன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அது என் குரலே இல்ல" என்றாள். ஊரும் உடனே இல்லை இல்லை என்றது, பெரிய வீட்டுக் கழனியில் கூலிக்குப் போகிற ஊர் வேறென்ன சொல்லும்? கங்கம்மாவிடம் போனதைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று நாராயணப்பன் அட்டிகையை வாங்கி ஏரி நடுவில் வீசினார். மிஷினைக் கடப்பாரையால் நொறுக்கினார்கள். திம்மராயன் ராயக்கோட்டையில் பஸ் ஏறிப் போய்விட்டான். அவனைத் துரத்தி அடித்ததில் செல்லியை ஊரை விட்டு அனுப்ப மறந்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொன்ன குரல் சரோஜம்மாளிடம் தங்கவில்லை. வீட்டுக்குப் போய் வேலைக்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஓசூர் ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பி மதகு திறந்தபோதுதான் அந்தக் குரல் எங்கே போனது என்று தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் இடமெல்லாம் "கங்கம்மா, எங்க மாமியா அட்டிகை இது" என்று சொல்லிக்கொண்டு ஓடியது. குடத்தில் மொண்டால் குடத்துக்குள் சொன்னது, களி கிண்டினால் கொதிக்கும்போது சொன்னது. கிணறு வெட்டிப் பார்த்தார்கள், ஏரி ஊற்றுதானே, அதுவும் சொன்னது. இதற்கும் செல்லியைத்தான் திட்டினார்கள், அவள் கூரை மேல் கல் எறிந்தார்கள். அடுத்த போகம் நெல் நன்றாக விளைந்ததும் கல் எறிவது நின்றது. தண்ணீர் பேசுவது சேவல் கூவுவது போல ஆகிவிட்டது. பெரிய வீட்டுக்கு மட்டும் தளியிலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது.

1958இல் ராயக்கோட்டைப் பக்கமிருந்து நாராயணம்மாவைப் பெண் கேட்டு வந்தார்கள். திருடி மகள் என்று எல்லையிலேயே யாரோ சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். செம்பு முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தது. "யாரு இது?" என்றாள் அந்த அம்மாள். பெரிய வீட்டம்மாங்க, நீங்க குடிங்க என்றாள் செல்லி. முறத்தில் வைத்து மூடியது யார் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்துபோனது, அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

கல்யாணத்தன்று யாரும் எதிர்பார்க்காத காரியம் நடந்தது. கூலிக்காரத் தெருவில் காலே வைக்காத சரோஜம்மாள் பந்தலுக்குள் வந்து நின்றாள். நாராயணப்பன் போன மாசியில் செத்துப்போயிருந்தார், அவளால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. அவள் கையை நீட்டித் தண்ணீர் கேட்டாள். செல்லி செம்பைக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும், நாலு வருடமாக ஏரியிலும் வாய்க்காலிலும் கிடந்த குரல் அவள் தொண்டையிலிருந்தே வந்தது. "மூடறப்ப எடுத்துக்கறன்" என்று முடிகிற வரைக்கும் அவள் உதடு அசைந்ததைச் செல்லி பார்த்தாள். சரோஜம்மாள் இன்னும் ஒரு செம்பு வேண்டுமென்று சாடை காட்டினாள்.

"போதும்மா" என்றாள் செல்லி. "நான் கேட்டுட்டன். வேணும்னா ஏரியில போய் மொண்டுக்கோ."

அதிலிருந்து பெரிய வீட்டில் தளித் தண்ணீர் நின்று ஏரித் தண்ணீர் புழங்கியது. சரோஜம்மாளுக்குக் குரல் திரும்பிவிட்டது, ஆனால் பேச வந்தது அந்த ஒரே வாக்கியம்தான். பசித்தாலும், ஆளைத் திட்டினாலும், பேரனைக் கொஞ்சினாலும் அதையேதான் சொல்வாள். வீட்டில் இருப்பவர்கள் தொனியைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஆகவேண்டியதைச் செய்வார்கள். செல்லி அந்த வீட்டு வேலைக்குத் திரும்பப் போகவில்லை. அந்தத் தெரு வழியாகப் போகும்போது உள்ளே குரல் கேட்டால் மட்டும், நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நடப்பாள்.