கண்புரை போன்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொன்னால் பொய். என் போனில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்டில் செக்யூரிட்டி என் போனை வாங்கி, முன்னும் பின்னும் கேமராக் கண்களின் மேல் பொட்டு வைப்பதுபோல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். வெளியே வந்ததும் உரித்துப் போட்டேன். அன்று சாயங்காலம் எடுத்த படத்தில் தெருவிளக்கு ஒவ்வொன்றும் பஞ்சுமிட்டாய் மாதிரி வீங்கியிருந்தது.

வாரப் பத்திரிகைகளில் மர்மத் தொடர் எழுதிப் பிழைத்தவன் நான். கொலைகாரன் யார் என்று முதல் அத்தியாயத்தில் சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. இந்த முறை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பசை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மூக்கண்டப்பள்ளியின் மாடி அறை ஒன்றில், அந்தப் பெட்டியின் முத்திரையை நோக்கி ஒரு கத்தி மெல்ல இறங்கி—"

(அடித்துவிட்டேன். போன் டப்பா பிரிக்கிறவனுக்கு இவ்வளவு பின்னணி இசை தேவையில்லை.)

இரண்டாம் முயற்சி: "சுரேந்தருக்கு எதிரிகள் அதிகம்."

(புளுகு. மேல்வீட்டுப் பிள்ளைகள் விளையாட உட்கார்ந்ததும் படுத்துவிடும் வைஃபை ஒன்றுதான் அவனுக்கு எதிரி.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். சுரேந்தருக்கு ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. முடி அளவு கீறல் இருந்தாலும் பாகத்தைத் தூக்கித் தனியே வைத்துவிடுவான். வேலை முடிந்து வந்து 'ஷிஃப்ட் முடிஞ்சாச்சு' என்ற பெயரில் யூடியூப் சேனல் நடத்துகிறான். சந்தைக்கு வரும் புது போன், புது வாட்ச், புது ஆப் எல்லாவற்றையும் அங்கே பிரித்து மேய்வான்.

"இந்த வாட்ச் நான் ராத்திரி எவ்ளோ குறட்டை விட்டேன்னு கணக்கு சொல்லுதுங்க. அதை எங்க வீட்டம்மா ஓசியிலயே சொல்லிடுவாங்க."

"பின்னாடி நிக்கற ஆளை ஏஐ அழிச்சிக் குடுக்கும்னாங்க. என் மாமனாரை அழிச்சிட்டுத் தென்னமரத்தை விட்டுவெச்சிருக்குது. இதுக்கு மார்க் எவ்ளோ போடறதுன்னு தெரியல."

கேமராவைப் பிடிப்பதும், வீடியோவை வெட்டி ஒட்டுவதும், மாமனார் விஷயத்தைப் பேசியதற்காக அவனை அப்புறம் கவனித்துக்கொள்வதும் மனைவி சுப்ரியா. பகலில் அவள் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள்.

சுரேந்தருக்குச் சொத்து என்று இருப்பது ஒரு வாக்கியம்தான். அவன் வீடியோக்களின் கீழே யாராவது எழுதிவிட்டுப் போவார்கள்: "சுரேந்தர் அண்ணன் சொன்னா சரியா இருக்கும்."

இதற்கென்று ஒரு தனிப் பத்தியே ஒதுக்கியிருக்கிறேன். கதை முழுக்க ஆபத்தில் இருக்கப்போவது இதுதான்.

3

பாகலூர் ரோட்டில் மூர்த்தி என்பவருக்கு மொபைல் கடை. புது மாடல் வந்தால் ஒன்றைப் பிரித்து ஒரு வாரத்துக்குச் சுரேந்தரிடம் கொடுப்பார்.

(மூர்த்தியை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். தங்கப்பல் வைத்தேன், கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். ஆனால் அந்த மனுஷன் எந்நேரமும் கையில் துணியோடு ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற ஆளை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை.)

"தம்பி, சின்னக் கம்பெனிதான். ஆனா இந்த மாடலை நம்பி ஷெல்ஃப் ஃபுல்லா வாங்கி அடுக்கிட்டேன். பாத்து சொல்லுப்பா," என்றார்.

சுரேந்தர் தன் போனை வீட்டில் வைத்துவிட்டு, இந்தப் போனில் சிம்மைப் போட்டு வேலைக்குக் கொண்டுபோனான். அந்த வாரம் பார்த்து கம்பெனி கேட்டில் பழைய ஸ்டிக்கர் தீர்ந்து புது ஸ்டிக்கர் வந்திருந்தது. போகும்போது ஒட்டினார்கள், வரும்போது உரித்தான். பகலில் எடுத்த படங்களில் பழுதில்லை. பொழுது சாய்ந்ததும் மலைக்கோயில் விளக்குகளை எடுத்தான். எல்லா விளக்கும் உருகிய ஐஸ்கிரீமாக வழிந்தது.

"பொறந்த அன்னைக்கே கண்புரை வந்த போனை இப்பதாங்க பாக்கறேன்," என்று வீடியோவில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னான்.

(அடிக்குறிப்பு: லென்ஸைத் துடைக்கத் தெரியாதவனா ரிவ்யூ பண்ணுகிறான் என்று கேட்பீர்கள். சட்டை நுனியால் துடைத்தான். அந்தப் பசை கண்ணுக்குப் புலப்படாத படலம். சட்டை நுனி அதை இன்னும் சீராகப் பரப்பிக் கொடுக்கும். நானும் அப்படித்தான் பரப்பினேன்.)

4

வீடியோ பற்றிக்கொண்டது. அந்த ஒற்றை வசனத்துக்கு வாயசைத்து ஊரே ரீல்ஸ் போட்டது. ஒரு பாட்டி நிஜமாகவே கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதைப் பேசி நடித்து, சுரேந்தரைவிட அதிகமாக லைக் வாங்கிவிட்டார்.

பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் புது போன் அறிமுக விழா, முன்வரிசையில் இடம். 'பயமில்லாமல் குறை சொல்லும் உங்கள் கண்புரை வீடியோவைப் பார்த்து அழைக்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். இத்தனை காலம் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

விழாவுக்கென்று சட்டை எடுக்கப் போனார்கள். கடையைவிட்டு வெளியே வந்ததும், தெருவிளக்கின் கீழே சுப்ரியாவை நிறுத்தித் தன் சொந்தப் போனில் ஒரு படம் எடுத்தான்.

"ஏங்க, என்ன இது? என் தலையைச் சுத்தி சாமி படத்துல இருக்கற மாதிரி ஒளிவட்டம்?"

"உனக்கு இருக்க வேண்டியதுதானே."

சிரித்தான். அப்புறம் படத்தை விரலால் பெரிதாக்கினான். சிரிப்பு அப்படியே நின்றது.

மலைக்கோயில் விளக்கில் பார்த்த அதே வீக்கம். மூர்த்தியின் போனை எப்போதோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இது அவனுடைய சொந்தப் போன். அன்று காலையில்தான் புது ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே போய்வந்திருந்தது.

சுப்ரியா தன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவத்தை எடுத்து லென்ஸில் இரண்டு சொட்டு விட்டு அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் எடுத்தான். ஒளிவட்டம் போய்விட்டது. சுப்ரியா சாதாரண மனுஷியாகத் தெளிவாக விழுந்திருந்தாள்.

"அப்ப அந்த போன்ல தப்பில்லையா?" என்றாள்.

"இல்ல."

"கேட்டுல ஒட்டினவங்க தப்பா?"

"ரிஜெக்ட் பண்ணவன் நான்தானே சுப்பு."

(இந்த இடத்தில் என் விரல் துறுதுறுத்தது. ஸ்டிக்கர் சப்ளை செய்தவன் போட்டிக் கம்பெனியின் கையாள். அந்தப் பசை ஒரு ரகசிய ஆய்வகத்தில்— வேண்டாம். பசை ஒட்டும்; அதற்கு வேறு நோக்கம் கிடையாது.)

5

மறுநாள் சாயங்காலம் சுரேந்தர் மூர்த்தியின் கடைக்குப் போனான். என்ன பேசுவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தான். கடைக்குள் நுழையவே முடியவில்லை. அவ்வளவு கூட்டம்.

"மூர்த்திண்ணா, ஒரு நிமிஷம் இப்படி ஓரமா வாங்க."

விஷயத்தைச் சொன்னான். ஸ்டிக்கர், பசை, சட்டை நுனி என்று ஒன்றையும் விடவில்லை. மூர்த்தி முழுவதும் கேட்டார்.

"எனக்குத் தெரியுமேப்பா."

"தெரியுமா?"

"நீ திருப்பிக் குடுத்த போனைத் தொடச்சேன். ராத்திரி படம் பளிங்கு மாதிரி வந்துச்சு. பையன் லென்ஸ்ல எங்கியோ கை வெச்சுட்டான்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

மூர்த்தி கூட்டத்தைக் கைகாட்டினார். "அந்த ஜனம் எதுக்கு வந்திருக்குதுன்னு நெனச்ச? கண்புரை போனைப் பாக்கணுமாம். வந்து சிரிக்கறாங்க. நான் சும்மா ஒரு படம் எடுத்துக் காட்டறேன். 'ஏமண்ணா, இது நல்லாத்தானே இருக்குது'ன்னு வாங்கிட்டுப் போறாங்க. ஷெல்ஃபப் பாரு, காலி."

"நான் தப்புன்னு சொல்லி வீடியோ போடப் போறேண்ணா."

"பேடப்பா, பேடா, வேணாம்," என்று கன்னடத்துக்கே போய்விட்டார். "நீ அப்படிச் சொல்லிட்டா அது சாதா போன் ஆயிடும். சாதா போனைப் பாக்க எவன் வருவான்? அடுத்த லோடு வேற சொல்லிட்டேன், கெடுத்துடாத."

மூர்த்தியைக் காப்பாற்றவாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வந்தவன், அந்தக் காரணத்தையும் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினான்.

(இப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது. மூர்த்தி அழுவார் என்றுதான் குறித்து வைத்திருந்தேன்.)

6

ஆனாலும் திருத்த வீடியோவை எடுத்துவிட்டான். நன்றாகவே வந்திருந்தது. சட்டை நுனியால் துடைக்கிற காட்சியை அவனே நடித்துக் காட்டியபோது சுப்ரியா சிரித்ததில் கேமரா ஆடிவிட்டது. யூடியூபில் ஏற்றியும் ஆயிற்று, அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அதைப் பொதுவில் விட ஒரு தட்டு போதும்.

"போட்டா பெங்களூர்ல முன்வரிசை கிடைக்குமா?" என்றாள் சுப்ரியா.

"கண்புரை பையன்னுதானே கூப்பிட்டாங்க. கண்புரை எனக்குத்தான்னு தெரிஞ்சா எதுக்குக் கூப்பிடறாங்க?"

"மூர்த்தி அண்ணனும் வேணாங்கறாரு. அந்த போனைச் செஞ்ச கம்பெனிக்காரன்கூட ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் யாருக்காகப் போடறீங்க?"

அவள் மடக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அவன் போனைத் திறந்து பழைய வீடியோவின் கீழே கமெண்ட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனான். சிரிப்பு, சிரிப்பு, பாட்டியின் ரீல்ஸ் லிங்க், மறுபடி சிரிப்பு. அதற்கு நடுவே ஒன்று இருந்தது.

"தம்பி, நான் கெலமங்கலம் ராசாத்தி. ரோஜாத் தோட்டம் வெச்சிருக்கோம். சாயங்காலம் பூ அறுத்து போட்டோ அனுப்பினாத்தான் பெங்களூர் பூக்கடைக்காரங்க ஆர்டர் சொல்லுவாங்க. இந்த போனைத்தான் வாங்க இருந்தேன். உங்க வீடியோ பாத்துட்டு வேற வாங்கினேன். இதுல செவப்பு ரோஜா காஞ்ச மொளகா மாதிரி வருது. ஆர்டர் கொறைஞ்சிருக்கு. ஆனாலும் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி."

சுரேந்தர் அதைச் சுப்ரியாவிடம் காட்டினான். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

7

முடிவுக்கு வருவோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: பொதுவில் விடுகிறான். ஊர் கைதட்டுகிறது. பெங்களூர்க்காரர்கள், 'நேர்மை என்றால் இது' என்று முன்வரிசைக்கும் முன்னால் ஒரு நாற்காலி போடுகிறார்கள். (எழுதிய எனக்கே சிரிப்பு வருகிறது.)

இரண்டு: வீடியோ அந்த இரண்டு பேருக்குள்ளேயே கிடக்கிறது. புதுச் சட்டையோடு விழாவுக்குப் போகிறான், பனீர் சாப்பிடுகிறான், செல்ஃபி எடுக்கிறான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. (இது நடக்கக்கூடியது. ஆகவே இதைத் தாளில் விட்டுவைக்கவே எனக்குப் பயம்.)

மூன்று: அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்க, அதிலிருந்து இறங்கிய மர்ம மனிதர்— (பழக்கதோஷம். மன்னிக்கவும்.)

மூன்றையும் அவன் முன்னால் வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராசாத்தியின் கமெண்ட்டுக்குக் கீழே பதில் எழுதும் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறான். சுப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா," என்று ஒரு வார்த்தை அடித்திருக்கிறான். அதற்கப்புறம் கட்டைவிரல் நகரவில்லை.

அவன் சார்பில் அடுத்த வார்த்தையை அடிக்க எனக்கு உரிமை இல்லை. போன் இதோ, வாங்கி நீங்களே அடியுங்கள்.

"அக்கா,