முந்நூற்றுப் பன்னிரண்டாம் ஆந்தை

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குப் பார்வையில் கொஞ்சம் கர்வம் இருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் இந்தக் கடைக்காரருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடையின் பின்னறையில், பழைய படைப்பிரிவுகளின் வீரர்கள் சட்டைக் காலரில் குத்தியிருந்த சின்னப் பின்களாகச் சேர்த்துச் சேர்த்து இரண்டு அலமாரிகளை நிரப்பி வைத்திருந்தார். யார் எந்தப் பின்னைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார். புரட்டிப் போட்டு முதுகைத்தான் பார்ப்பார். "முகத்தை எவன் வேணும்னாலும் செஞ்சிடுவான். முதுகைச் சரியா செய்யத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது" என்பார். இந்த வசனத்தைக் கேட்காத சேகரிப்பாளர் அந்த ஊரில் இல்லை. இரண்டாம் தடவை கேட்க ஆசைப்பட்டவரும் இல்லை.

அன்று காலை அண்ணனுக்கான புதுக் கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். கண்புரை அறுவை முடிந்து அண்ணனுக்கு இதுதான் முதல் கண்ணாடி. பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தாயாகவும் தகப்பனாகவும் இருந்து வளர்த்து, படிக்கவைத்து, இந்தக் கடையில் உட்காரவைத்தவர் அந்த அண்ணன். அவர் முகம் கோணினால் கடைக்காரருக்கு அன்று சோறு இறங்காது.

பத்தரைக்கு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் மாட்டியிருந்த பிரேம் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின் பாத்துச் சொல்றது நீங்கதானே சார்?"

கைக்குட்டையைப் பிரித்தார். கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். காலில் சாவியைப் பிடித்திருக்கும் ஆந்தை. ஆவலோடு புரட்டி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். இரண்டு ஊசிகளில் ஒன்று முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் காக்கி நூல் ஒன்று இன்னும் சிக்கியிருந்தது.

"அம்மா, இது அசல்! இந்தப் பிரிவே இருந்ததில்லைன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு, தெரியுமா? வீடு புகுந்து ஆளைத் தூக்கறதுதான் இவங்க வேலை. போனவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்ல." ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னார். வாய் முந்திக்கொள்வதும் புத்தி பின்னால் வருவதும் அவருக்குப் பிறவிக்குணம்.

"தெரியும் சார். எங்க அண்ணனைத் தூக்கிட்டுப் போனாங்க. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இழுக்கும்போது அண்ணன் ஒருத்தனோட காலரைப் பிடிச்சுட்டான். அப்ப பிஞ்சு விழுந்தது இது. கதவிடுக்குல கிடந்துது. அம்மா சாகிற வரைக்கும் தையல் பெட்டியில வச்சிருந்தாங்க."

கடைக்காரருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? பிரஷ்ஷால் முதுகை மெல்லத் தட்டினார். அழுக்கு விலகி, அதை அணிந்திருந்தவனின் படை எண் தெரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

அதே எண்ணை அவர் ஏற்கெனவே இன்னொரு பின்னின் முதுகில் பார்த்திருந்தார்.

அவருடைய அலமாரியின் முதல் வரிசையில் முதல் பின்னும் ஒரு ஆந்தைதான். இந்தப் பைத்தியத்தையே அவருக்குப் பிடிக்கவைத்த பின் அது. அண்ணன் படையிலிருந்து வந்ததும், யாரிடமோ வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்தது. அண்ணனுக்கு அங்கே கிடங்கில் கம்பளி அடுக்குகிற வேலை. அப்படித்தான் அவர் சொல்லியிருந்தார். பின்னாளில் ஆந்தைப் பிரிவைப் பற்றிப் படித்தபோது கடைக்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியது. உடனே அதை எடுத்து அளந்து பார்த்தார். அசலுக்கு இருக்கவேண்டிய அளவைவிட எல்லாப் பக்கமும் மயிரிழை குறைவு. அசலை அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது அப்படித்தான் சுருங்கும். ஊசிக்குப் பதில் திருகாணி. எண்ணும் கையால் வெட்டியது. போலி! அவருக்கு அப்பாடா என்றிருந்தது. "உன்னை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்கண்ணா" என்று கேலி செய்தார். அண்ணனும் சிரித்தார். "ஆமாண்டா, ஏமாந்துட்டேன்."

அதோடு விட்டாரா? சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் 'போலியைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று நான்கு பக்கம் எழுதி, அந்தப் பின்னின் முதுகைப் பெரிதாகப் படம் போட்டார். எண் பளிச்சென்று விழுந்திருந்தது. நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். தலைகால் புரியாமல் ஒரு வாரம் திரிந்தார்.

இப்போதுதான் புரிந்தது. போலி என்றால் சேகரிப்பவனை ஏமாற்றச் செய்தது என்று மட்டுமே அவருக்கு நினைக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவில் சின்னத்தைத் தொலைத்தவனுக்குத் தண்டனை கடுமை என்று அவரே எங்கோ படித்திருந்தார். தொலைத்தவன் என்ன செய்வான்? கூட்டாளியின் பின்னை வாங்கி அச்செடுத்து, தன் எண்ணைத் தானே வெட்டிக்கொண்டு, மறுநாள் அணிவகுப்பில் போய் நிற்பான். அளவு பொய்தான். எண் நிஜம்.

"நம்பர் தேஞ்சு போச்சும்மா. படிக்க முடியல" என்றார். வேலையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

பெண்மணி கோபப்படவில்லை. பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து, மடித்துவைத்திருந்த பக்கத்தைப் பிரித்தார். "முந்நூத்திப் பன்னண்டு. எனக்கு நல்லா தெரியுது சார். எந்தப் பிரிவுன்னு கேக்க நான் வரல. உங்க போலியை யார் குடுத்தாங்க?"

"சந்தையில வாங்கினேன்."

"'நெருங்கிய உறவினர் ஒருவர் ஏமாந்து வாங்கியது'ன்னு எழுதியிருக்கீங்களே."

எழுதித்தான் இருந்தார். அந்த வரியை எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு வாங்கம்மா, நிதானமா பேசலாம்" என்று எழுந்தார். அதற்குள் கதவு மணி அடித்தது.

"டேய் தம்பி, கண்ணாடி ரெடியாடா?"

அண்ணன் தடவித் தடவி வந்து, பெண்மணிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். மங்கலாகத் தெரிந்த அந்த உருவத்தைப் பார்த்து, "இவன்கிட்ட கண்ணாடி வாங்கறீங்களாம்மா? ஜாக்கிரதை, முகத்தை விட்டுட்டு முதுகுக்குப் போட்டு விட்டுடுவான்" என்று சிரித்தார். பெண்மணி சிரிக்கவில்லை. கடைக்காரர் கண்ணாடியை அண்ணனுக்கு மாட்டிவிட்டார். காது ஓரம் சரிசெய்தார். பார்வையைச் சோதிக்கப் படிக்கச் சொல்லும் அட்டையைத் தேடித் திரும்பியபோது, பெண்மணி அட்டையை ஏற்கெனவே மேசையில் வைத்து, அதன்மேல் பின்னைக் குப்புறப் போட்டிருந்தார்.

"இதைப் படிங்கய்யா. ரொம்பச் சின்ன எழுத்து. இது தெரிஞ்சா கண்ணாடி சரியா இருக்குன்னு அர்த்தம்."

கடைக்காரர் எட்டிப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. அண்ணன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கும் தெரியவேண்டியிருந்தது.

அண்ணன் குனிந்தார். பின்னை விரலில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். "மூணு... ஒண்ணு... ரெண்டு." ஒரு நொடி யோசித்தார். முகம் குழந்தை முகம்போல் மலர்ந்தது.

"அட! இது எங்கடா கிடைச்சுது? எவ்வளவு தேடினேன் தெரியுமா!"

"எங்க வீட்டுக் கதவிடுக்குல" என்றார் பெண்மணி.

அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். புதுக் கண்ணாடியில் அந்த முகம் மூக்கு முழியோடு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் உதட்டில் நின்றது. பிறகு போய்விட்டது. முறிந்த ஊசி குத்தியதோ என்னவோ, பின்னைப் பிடித்திருந்த விரலில் ஒரு சொட்டு ரத்தம்.

"தம்பி, இந்தக் கண்ணாடியைக் கழட்டிடுடா" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

சொன்ன வார்த்தையைத் தட்டியறியாத தம்பிக்கு அன்று கை எழவில்லை.

"போட்டிருக்கட்டும் சார்" என்றார் பெண்மணி, பையைத் திறந்துகொண்டே. "எங்க அண்ணன் போட்டோ கொண்டுவந்திருக்கேன்."