பெரிய திரை

மிர்லான் பென் டிரைவைச் செருகியபோது அடுத்த அறையில் அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. லேப்டாப் அவருடையதுதான், பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. இப்போதெல்லாம் திறந்தால் ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடிக்கும்வரை சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

அக்கா பெர்மெத் மாஸ்கோவில் இருந்தாள். நிறைமாதம், விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அப்பாவிடம் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். சாகப்போகிறவர் வாயால் ‘உன்மேல் குறையில்லை’ என்று கேட்டுக்கொள்வது நாரின் என்கிற அந்த மலைப்பக்கத்து வழக்கம். ஊரே வந்து கேட்டுவிட்டுப் போயிற்று. அவள் ஒருத்திதான் பாக்கி. போனில் அவளைக் காட்டியபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எறும்பு மாதிரி என்னமோ ஊருது. மூஞ்சியப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

அதனால்தான் லேப்டாப்பும், பென் டிரைவில் லினக்ஸ் மென்பொருளும். கிழட்டு இயந்திரத்தையும் அது ஓட்டிவிடும் என்று மிர்லான் கேள்விப்பட்டிருந்தான். பழையது எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. அவன் எழுந்துபோய்க் கட்டிலருகே குனிந்தான்.

“அப்பா, உங்க செஸ் ஆட்டமெல்லாம் இதுலதான் இருக்கு. அழிச்சிரட்டுமா?”

“அழி. எல்லாத்துலயும் நான்தான் தோத்திருக்கேன்.”

மதியத்துக்குமேல் அக்காவின் முகம் திரை நிறைய வந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார்.

“குண்டாயிட்ட.”

“ஆமாப்பா.”

“உன்மேல எனக்குக் குறையில்ல. உனக்கு என்மேல?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம், அழைப்பைத் துண்டிக்கும் முன்பே, மூச்சு அடங்கிவிட்டது. அம்மாவிடமிருந்து முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. மிர்லானுக்கும் தோளிலிருந்து எதையோ இறக்கியதுபோல இருந்தது. அதை யாரும் பார்த்துவிடக்கூடாதென்று எழுந்து ஜன்னலைத் திறந்தான்.

மறுநாள் அப்பாவைக் கிடத்த முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பியது. வெளியே கம்பூன்றி நின்று வருகிறவர்களைப் பார்த்து அழ வேண்டியது மகன். உள்ளே கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டியவள் மகள்.

“அவளையும் கொண்டாடா,” என்றாள் கல்பூபு அத்தை.

பேட்டரி எப்போதோ செத்திருந்தது. வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, எல்லாருக்கும் அக்கா தெரியும்படி லேப்டாப்பை மெத்தைமேல் வைத்தான். அவள் பாடுவதற்குத் தொண்டையைச் செருமினாள்.

“அறிவுகெட்டவனே, அப்படியா வைப்பாங்க?” என்று அத்தை அவனை அதட்டினாள்.

நகர்ந்து தனக்கும் அம்மாவுக்கும் நடுவே இடம் விட்டாள். பிறகு லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, மற்றப் பெண்களைப் போலவே அதையும் கம்பளிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.