சலாம் யார் வீட்டில்

ஓம்கார் வந்து இறங்கிய அன்று பக்கத்து வீட்டு முக்தா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கணவன் ரஜபும் அழுதான். மளிகைக்கடை காதிர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். என் வாசலுக்கும் ஓம்கார் வாசலுக்கும் நடுவில் இருபதடிதான்.

ஓம்கார் என் சித்தப்பா மகன். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போனவன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவின் பதினொரு இந்துப் பண்டித வீடுகளிலும், ஊரைவிட்டுப் போய்விடு என்று தீவிரவாதிகள் கதவில் கடிதம் ஒட்டியிருந்தார்கள். சந்தையில் எங்கள் ஊர்ப் பண்டிதக் கம்பவுண்டரைச் சுட்டிருந்தார்கள். பத்து வீடுகள் லாரி ஏறின. என் அப்பா படுக்கையில் கிடந்தார். லாரியில் ஏற்றினால் பனிஹால் கணவாயைத் தாண்டமாட்டார் என்று நான் நின்றுவிட்டேன். ஆறு வாரத்தில் அவர் இறந்தார். பாடையைச் சுமந்த நான்கு பேரில் மூன்று பேர் முஸ்லிம்கள். அதற்குப் பிறகும் நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முப்பத்தொரு வருடம். மாவு மில்லில், ரேஷன் கடையில், பஸ்ஸில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்டது ஓம்காரைப் பற்றித்தான். ஓம்கார் எப்படி இருக்கான், கடிதம் வந்ததா, பையன் என்ன படிக்கிறான். நான் எப்படி இருக்கிறேன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான்தான் எதிரிலேயே நின்றேனே.

போகும்போது அவன் வீட்டுச் சாவியை ரஜபிடம் கொடுத்தான். நானும் பின்னாலேயே கிளம்பிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். ஒவ்வொரு வசந்தத்திலும் ரஜப் ஏணி வைத்து அந்தக் கூரையில் ஏறி, தகரத்தைத் தட்டிச் சரிசெய்வான். என் கூரையும் அதே தகரம்தான். அது ஒழுகியபோது நானே ஏறினேன்.

ரஜபைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூற்று நான்கில் அவன் தம்பியை ராணுவம் கூட்டிப்போனது. நானும் ரஜபும் ஏழு முகாம்களுக்கு நடந்தோம். என் நெற்றிப் பொட்டைப் பார்த்தால் காவலாளி கேட்டைத் திறப்பான் என்று நினைத்தோம். இரண்டு இடத்தில் திறந்தான். தம்பி கிடைக்கவில்லை. அந்த வருடம் ஹேரத்துக்கு மறுநாள், வீட்டில் அந்தத் துக்கம் இருந்தும், ரஜப் தனியாக என் வீட்டுக்கு வந்து சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

ஹேரத் எங்கள் சிவராத்திரி. மறுநாளுக்குப் பெயரே சலாம். அன்று காலையில் முஸ்லிம் அண்டை வீட்டார் வந்து வாழ்த்துவார்கள். பதினொரு வீடுகளுக்கு வந்த கூட்டம், தொண்ணூறுக்குப் பிறகு ஒரே வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்கு. ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு காலைதான்.

ஓம்கார் ஹேரத்துக்காகத்தான் வந்திருந்தான். ஜம்முவில் வீடு, புனேயில் மகன். இடம்பெயர்ந்தவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் மகன் என்ஜினீயர் ஆனான். என் மகள் அதே படிவத்தை வாங்கிவந்தாள். எந்த ஆண்டு ஊரைவிட்டு வெளியேறினீர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டாள். எழுத ஒன்றுமில்லை. படிவம் வீட்டிலேயே கிடந்தது.

மூன்று நாள் ஓம்கார் வீட்டில் கூட்டம் குறையவில்லை. ரஜப் அவன் தோளில் கை போட்டபடியே திரிந்தான்.

"ஜம்மு வெயில்ல இப்படிக் கறுத்துட்டியே. உன்னைப் பண்டிதன்னு எவன் நம்புவான்?" என்றான். பிறகு என்னைக் காட்டினான். "இவனைப் பாரு. குளிருக்குக் குழி தோண்டிப் புதைச்ச டர்னிப் கிழங்கு மாதிரி, வச்ச இடத்துலயே இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஹேரத்துக்கு முந்தின நாள் ரஜப் ஓம்காருக்கு ஹேரத் படையலுக்கான மீனும் தாமரைக்கிழங்கும் கொண்டுவந்தான். வேலிப் பக்கம் நின்ற என்னையும் கூப்பிட்டான்.

"ஜியா, இந்தத் தடவை சலாமை ஓம்கார் வீட்டிலயே வச்சுக்கலாம். நீயும் தன்வதியும் அங்க வந்துடுங்க. எல்லாம் ஒரே வீடுதானே."

சரி என்றேன். உள்ளே வந்து என் மனைவி தன்வதியிடம் சொன்னேன். அவள் புதுக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவற்றைத் திரும்ப அலமாரியில் எடுத்து வைத்தாள்.

ஹேரத் அன்று மதியம் நானும் ஓம்காரும் ஓடைக்குப் போனோம். பூஜைக் குடங்களில் ஊறப்போடும் அக்ரூட் கொட்டைகளைக் கழுவ வேண்டும். பனி உருகிய தண்ணீர் விரலை வெட்டியது. ஓம்கார் பேசிக்கொண்டே இருந்தான். ரஜப் மாதிரி ஒருவன் கிடைக்க எந்தப் பிறவியில் புண்ணியம் செய்தேனோ என்றான். நான் கூடையைக் குலுக்கினேன்.

"நேத்து ரெண்டு பசங்க பைக்ல வந்தாங்க," என்றேன். "ஜம்முவிலேருந்து வந்தவர் வீடு எதுன்னு கேட்டாங்க."

ஓம்காரின் கை தண்ணீருக்குள் நின்றது.

"நம்ம ஊர்ப் பசங்களா?"

"இல்லை. பாத்ததில்லை."

"நீ என்ன சொன்னே?"

"தெரியாதுன்னுட்டேன்."

ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பான், கூட்டம் என் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தச் சொற்களின் எடை எனக்குத் தெரியும். தொண்ணூறில் கம்பவுண்டர் வீட்டையும் இப்படித்தான் விசாரித்தார்கள்.

ஓம்கார் எழுந்தான். அரை மணி நேரத்தில் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டான். தன் பூஜைக் குடங்களை என் வீட்டுக்குத் தூக்கிவந்து, என் குடங்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதுக்கும் சேத்து நீயே பூஜை பண்ணிடு. ரஜப்கிட்ட எதுவும் சொல்லாதே."

"ரஜப்கிட்டகூடவா?"

"யாரு யாரோட பையன்னு இப்ப எனக்கென்ன தெரியும்?"

ரஜப் தோட்டத்தில் ஆப்பிள் மரங்களுக்குக் கவாத்து செய்துகொண்டிருந்தான். டாக்ஸி போனதை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. காதிர், பள்ளி ஆசிரியர், மில்காரர், ஊர் எல்லையில் இருக்கும் இரண்டு குடும்பங்கள். சலாம் என்று சொல்லி உட்கார்ந்தார்கள். தன்வதி கஹ்வாத் தேநீர் ஊற்றினாள். காதிர் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார், ஓம்கார் ஏன் போனான்? ஆசிரியரும் அதையே கேட்டார். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று தங்களுக்குள் பேசினார்கள். அறை நிறைந்திருந்தது. என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ரஜப் கடைசியில் வந்தான். தனியாக வரவில்லை. மகன் தன்வீரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான். தன்வீருக்கு இருபத்துநான்கு வயது. பின்னால் முக்தா துணி சுற்றிய குர்ஆனைக் கையில் ஏந்தி வந்தாள். தன்வீர் போன வாரம், திரும்பி வர்றவங்களுக்கு மட்டும் வேலை இருக்கு, எங்களுக்கு எங்க இருக்கு என்று கடையில் பேசியிருக்கிறான். பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஓம்கார் காதில் அதைப் போட்டது இவனாகத்தான் இருக்கும் என்று ரஜப் முடிவுகட்டியிருந்தான். காலையில் ஓம்காருக்குப் போன் போட்டானாம். மனைவிக்கு ரத்த அழுத்தம் என்று மட்டும் சொல்லி ஓம்கார் வைத்துவிட்டானாம். அந்தக் குரலே சரியில்லை என்றான்.

"எல்லார் முன்னாடியும் கை வச்சு சொல்லு," என்றான் மகனிடம். "அவனை நீ மிரட்டினியா?"

தன்வீர் கை வைத்தான். இல்லை என்றான். ரஜப் மீண்டும் கேட்டான். மீண்டும் இல்லை என்றான்.

"பொய் சொல்றான்," என்றான் ரஜப். கையை ஓங்கினான்.

தன்வதி கஹ்வாப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

ரஜபின் கை அப்படியே நின்றது.

"ரெண்டு பசங்க வீட்டை விசாரிச்சாங்கன்னு நான் சொன்னேன். யாரும் வரலை. நானா கட்டினது."

ரஜப் என் எதிரில் உட்கார்ந்தான்.

"எதுக்கு?"

அவனைப் பார்த்தே சொன்னேன்.

"முப்பத்தொரு வருஷமா நீ எனக்காக ஒரு தடவைகூட அழுததில்லை."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் இல்லை. புரியவில்லை, அவ்வளவுதான்.

"நீ எங்க போனே, நான் அழறதுக்கு?"

பிறகு தன் போனை எடுத்து ஓம்காரின் எண்ணைப் போட்டான். ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினான். அவன் கேட்கட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்றான்.

"ஓம்கார், ஜியா பேசறேன்," என்றேன். "நேத்து ஓடையில நான் சொன்னது பொய். எந்தப் பசங்களும் வரலை. உன்னைப் பத்தி யாரும் கேக்கலை. நீ திரும்பி வா."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இது ரஜப் நம்பராச்சே," என்றான் ஓம்கார். குரலைத் தாழ்த்தினான். "பக்கத்துல யாரு இருக்கா?"

"ரஜப் இருக்கான். எல்லாரும் இருக்காங்க. சலாம்."

"சரி. ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. அவங்கதான் இப்படிச் சொல்லச் சொல்றாங்களா?"

"இல்லை. நிஜமாவே நான்தான்."

"புரியுது," என்றான். "பயப்படாதே. இப்பவே இங்க அதிகாரிங்ககிட்ட பேசறேன். ரெண்டு பசங்கன்னு சொல்றேன். உன்னையும் தன்வதியையும் நாளைக்கே வெளிய கொண்டுவந்துடுவாங்க."

"ஓம்கார், நான் ரஜப்," என்று ரஜப் குனிந்து சொன்னான்.

இணைப்பு அறுந்தது.

ஆசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ரெண்டு பசங்க என்று ஒரு அதிகாரியிடம் சொன்னால் விடியற்காலையில் ராணுவ லாரிகள் வரும். பதினைந்து வயதிலிருந்து முப்பதுவரை எல்லாப் பையன்களும் மைதானத்தில் நிற்க வேண்டும். முக்தா மகனுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"திரும்பப் போடு," என்றான் ரஜப்.

போட்டேன். எடுக்கவில்லை.

"உன் போன்லேருந்து போடு."

போட்டேன். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அவன் மனைவி எண்ணைப் போட்டேன், அதையும் யாரும் எடுக்கவில்லை. புனே மகன் எண் யாரிடமும் இல்லை. காதிர் தன் போனைக் கொடுத்தார், மில்காரர் தன்னுடையதைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் போட்டேன். வெயில் ஜன்னலிலிருந்து கம்பளத்துக்கு இறங்கியது. தன்வதி இரண்டாவது முறை கஹ்வா வைத்தாள்.

எந்த சலாமிலும் என் வீட்டில் யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.