ஆரோக்கியமான ஆட்கள் தேவை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிதருக்குத் தன் மகளைப் பற்றிப் பெருமை உண்டு என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பெருமை எல்லா அப்பன்மாருக்கும் இருக்கும். இவருக்கு இருந்தது பித்து. காலையில் பூங்காவில் கூட நடக்கிற நண்பர்கள் அவரை 'லிஃப்ட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த லிஃப்ட்டு வாயைத் திறந்தால், மகள் ஹார்மோன் டாக்டர் என்பதில் ஆரம்பித்து, ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் தொடாத எந்திரமே இல்லை என்பது வரை போய்த்தான் நிற்பார். கேட்டுக் கேட்டு நண்பர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அதிலும் அந்த பஸ் கண்டக்டர் கதை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. மகள் ஒருநாள் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போது கண்டக்டரின் கையைக் கவனித்திருக்கிறாள். விரல்கள் தடித்து, உள்ளங்கை அகன்று, தாடை முன்னால் தள்ளியிருந்தது. கொஞ்ச வருஷமாகச் செருப்பு சைஸ் கூடிக்கொண்டே போகிறதா என்று கேட்டாளாம். அந்த ஆள் திகைத்துப்போனாராம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி. அதில் ஒரு சின்னக் கட்டி வந்துவிட்டால், வளர்ச்சி ஹார்மோனை அது பாட்டுக்குக் கொட்டும். வளர்ந்து முடிந்த ஆளையே கையும் காலும் முகமுமாக மறுபடி வளர்க்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் கடைசியில் இதயத்தில் கை வைத்துவிடும். கண்டக்டருக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது, இப்போது சௌக்கியமாக டிக்கெட் கிழிக்கிறார். "ஒரு டிக்கெட் எடுக்கற நேரத்துல கண்டுபிடிச்சிருக்கா என் பொண்ணு" என்று லிஃப்ட்டு முடிப்பார். நண்பர்களில் ஒருவரான ரிட்டயர்டு கேஷியர் மட்டும், பாக்கிச் சில்லறையைக் கேட்டு வாங்கினாளா என்று ஒவ்வொரு தடவையும் விசாரிப்பார்.

இப்படி இருக்கையில், ஒருநாள் சாப்பிடும்போது மகள் தன் ஆராய்ச்சியின் கஷ்டத்தைச் சொன்னாள். வளர்ச்சி ஹார்மோனின் வேலையை ரத்தத்தில் அளந்து பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. ஆனால் எவ்வளவு இருந்தால் சரி, எவ்வளவு இருந்தால் தப்பு என்பது வயதுக்கு வயது மாறும். அறுபது தாண்டியவர்களுக்கு நம்பகமான அளவுகோல் ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. அதை உண்டாக்க வேண்டுமென்றால் நோய்நொடி இல்லாத பெரியவர்கள் நிறையப் பேர் ரத்தம் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் நோயாளிகள். நன்றாக இருக்கிறவன் எதற்கு வரப்போகிறான்? ஆள் கிடைக்காமல் வேலை அப்படியே நின்றுபோயிருந்தது.

லிஃப்ட்டுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகளின் வேலைக்கு உதவ இந்த ஜென்மத்தில் ஒரு வாய்ப்பு வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அவளுடைய புத்தகங்களின் அட்டையைத் தாண்டி அவருக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ரத்தம் என்றால் புரியும், அது அவரிடம் தாராளமாக இருந்தது. மறுநாளே பூங்காவில் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். சிலரைக் கெஞ்சினார், சிலரை மிரட்டினார். கேஷியர்தான் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். "உள்ள என்ன இருக்குன்னு பாத்துடுவாங்களோன்னு பயமா?" என்று ஒரு போடு போட்டதும் அவரும் ரோஷத்தோடு சட்டைக்கையை மடித்தார்.

ஒரு காலை நேரத்தில் எல்லோரும் வெறும் வயிற்றோடு ஆராய்ச்சிக்கூடத்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். லிஃப்ட்டு ஏதோ தன் வீட்டு விசேஷம் போல எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். மனைவியும் துணைக்கு வந்திருந்தாள். ரத்தம் எடுக்கும் முன்னால் நர்ஸ் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டாள். தலைவலி உண்டா என்றதற்கு அவர் இல்லை என்றார். வேர்வை அதிகமா? இல்லை. குறட்டை? கேட்கவே வேண்டாம், குழந்தை மாதிரித் தூங்குவேன் என்றார். மனைவிக்குச் சட்டென்று இருமல் வந்துவிட்டது. அவர் குறட்டைக்குப் பயந்துதானே அவள் பக்கத்து அறையில் படுக்கிறாள். சாயங்காலம் ஆனால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், மாத்திரை போடாமல் எழுந்திருக்க மாட்டார். அதை மகளிடம் சொல்லக்கூடாது, அவளுக்கு ஆயிரம் வேலை என்று மனைவியின் வாயையும் எப்போதோ அடைத்துவைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் ஆரோக்கியமான ஆள் என்கிற தகுதி போய்விடுமே. எடுத்த ரத்தம் பெயரில்லாமல் வெறும் எண்ணோடு உள்ளே போனது.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவருக்காகப் போன் வந்தது. உங்கள் ரத்தம் சரியாக இருக்கிறது, கணக்கில் சேர்த்துக்கொண்டோம், நன்றி. கேஷியரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆராய்ச்சிக்கே அளவுகோல் தான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். லிஃப்ட்டுக்கு மட்டும் போன் வரவில்லை. வீட்டு ஆளைக் கடைசியில்தானே கவனிப்பார்கள் என்று சமாளித்தார். கேஷியர் அதோடு விடுகிறவரா? உன் ரத்தத்தை லிஃப்ட்டில் ஏற்றி அனுப்பினார்களோ, பாதி வழியில் நின்றுவிட்டதோ என்று தினமும் வாரினார். சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு மனசு கனத்துப்போய்விடும்.

ஒருவழியாகப் போன் வந்தது. மகளுடைய தலைமை டாக்டரம்மா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு நேரில் நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பாவம், இஸ்திரி போட்ட சட்டையும் புது பெல்ட்டுமாகப் போனார்.

அறைக்குள் மகள் சுவரோரமாக நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக இருக்கிறது. அனேகமாக அந்தச் சுரப்பியில் கட்டி. கண்டக்டருக்கு வந்த அதே சங்கதிதான். இன்னொரு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்க வேண்டும், கட்டி இருந்தால் மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடலாம், நல்ல நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ என் ரத்தம் கணக்குல சேராதாம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

சேராது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். ஊரையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்தவன், மகளுக்கு நான் ஒருத்தன்தான் உதவவில்லை என்று லிஃப்ட்டு வாய்விட்டே சொன்னார்.

அதற்குமேல் மகளால் அடக்க முடியவில்லை. "ஒரு கண்டக்டரை டிக்கெட் எடுக்கற நேரத்துல கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்க. தினமும் உங்க எதிர்ல உக்காந்துதான்பா சாப்பிடறேன். எனக்குத் தெரியல."

டாக்டரம்மா குறுக்கிட்டார். இந்தப் பெண் உங்களிடம் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன் என்றார். எல்லா ரத்தத்தையும் அளந்து முடித்தபோது ஒரே ஒரு எண் மட்டும் தனியாக மேலே போய் நின்றது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது, பெயர் விவரம் டாக்டரம்மாவிடம் பூட்டியிருந்தது, சரியாக வந்த எண்களுக்கு மட்டும்தான் பெயர் பார்த்துப் போன் செய்யச் சொல்லியிருந்தார். இது எந்திரம் செய்த கோளாறு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டால் மிச்சமெல்லாம் அழகாகப் பொருந்துகிறது, கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். இவள் ஒற்றைக்காலில் நின்றாள். மறுபடி அளந்தாள், அதே அளவு வந்தது. அப்போதும் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"அந்த மீட்டிங்ல இவ என்ன சொன்னா தெரியுமா சார்?" என்றார் டாக்டரம்மா. "'நல்லா இருக்கோம்னு நம்பிக்கிட்டு ஒரு மனுஷன் வெளிய நடமாடிட்டு இருக்கார். நமக்கு ரத்தம் கொடுத்தவர். அவர் யாருன்னு பாக்காம நான் இந்தக் கட்டுரையில கையெழுத்துப் போட மாட்டேன்.' அதுக்கப்புறம்தான் நான் பேரைப் பாத்தேன்."

லிஃப்ட்டு எழுந்து மகளிடம் போனார்.

"தலைவலின்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? நர்ஸ்கிட்டயே புளுகினவன் நான்" என்றார். "வீட்டுக்கு வந்தா நீ என்னை அப்பனாத்தான் பாப்ப. அதுல என்னம்மா தப்பு? யாரு எவருன்னு தெரியாத ஒருத்தருக்காகச் சண்டை போட்டிருக்க பாரு, அதைக் கேக்கத்தான் நான் ரத்தம் கொடுத்திருக்கேன்."

மனைவி தன் பங்குக்கு, குறட்டை விஷயத்தையும் இந்த இடத்திலேயே டாக்டரம்மாவிடம் போட்டு உடைத்தாள்.

ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்க்க, அடுத்த வாரமே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அடங்கவில்லை. ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், இனிக் கொஞ்ச நாள் வரமுடியாது என்று சொல்லிவிட்டு வருவதற்காக லிஃப்ட்டு பூங்காவுக்குப் போனார். கேஷியரின் வாய்க்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லோரும் பெஞ்சில் இருந்தார்கள். எதிர்பார்த்ததுபோலவே கேஷியர் ஆரம்பித்தார்.

"என்ன லிஃப்ட்டு, உன் ரத்தம் ஒருவழியா மேல போய்ச் சேந்துச்சா?"

"இல்லப்பா. உள்ள கோளாறு இருக்குன்னு கண்டுபிடிச்சு என்னைக் கணக்குலேருந்து தூக்கிட்டாங்க."

கேஷியர் சிரிக்க வாயெடுத்தவர், லிஃப்ட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குரலும் இறங்கிவிட்டது. "உன்னையா? யாருப்பா தூக்கினது?"

லிஃப்ட்டு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக நிமிர்ந்து நின்று சொன்னார்.

"என் பொண்ணு."