பொத்தான் அளவுப் புரட்சி

என் அப்பா எனக்காக இணையத்தில் ஒருவனோடு மூன்று நாள் சண்டை போட்டார். அந்த ஒருவன் நான்தான். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அந்த மூன்று நாளும் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். செய்திகளில் படித்திருந்தீர்கள் என்றால் தப்பாகத்தான் படித்திருப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பேட்டரி ஆய்வகம். பேராசிரியர் யோசிப்பார், மாணவர்கள் எழுதுவார்கள், நான் செய்வேன். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செல். அதற்குள் கறுப்பாக ஒரு பூச்சு, ஒரு மெல்லிய தாள், இரண்டு சொட்டுத் திரவம். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அதை மூடி அமுக்கி, சோதனை மெஷினில் மாட்டுவேன். மெஷின் அதற்குச் சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எப்போது சாகிறது என்று பார்த்துச் சொல்லும். செத்த செல்லுக்கு நோட்டில் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடுவேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. எங்கள் நோட்டைத் திறந்தால் மக்குப் பையனின் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும்.

போன வருஷம் பேராசிரியரின் புது யோசனைக்காகப் பன்னிரண்டு செல் செய்தேன். பதினொன்று ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பன்னிரண்டாவதை மட்டும் எந்த நல்ல நேரத்தில் மூடினேனோ, தொள்ளாயிரம் தடவை ஏறி இறங்கியும் உயிரோடு இருந்தது. அதுவும் அறுபது டிகிரி சூட்டில் வைத்திருந்தால்தான். வெளியே எடுத்தால் படுத்துவிடும். பேராசிரியர் கட்டுரை எழுதினார். தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். கடைசி வரியில் ‘மேலும் ஆய்வு தேவை’ என்று போட்டிருந்தார். அதுவரைக்கும் எல்லோரும் யோக்கியர்கள்தான்.

பிறகு பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவு அதைக் கையில் எடுத்தது. ‘மேலும் ஆய்வு தேவை’ காணாமல் போனது. ‘வருங்காலத்தில் வாகனங்களுக்கும் உதவலாம்’ என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. ஒரு செய்தித்தளம் அதற்குக் கண் வைத்தது, இன்னொன்று காது வைத்தது, மூன்றாவது மூக்கு வைத்தது. வாரக் கடைசியில் என் போனுக்கே வந்து சேர்ந்த தலைப்பு இது: ‘ஐந்து நிமிடம் சார்ஜ், ஐம்பது வருடம் ஓட்டம்: பெட்ரோலுக்கு மூடுவிழா.’ மேலே நீல மின்னலுக்கு நடுவில் ஒரு கார். அந்தக் காருக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே ஓரமாக, இடுக்கியில் செல்லைப் பிடித்தபடி ஒரு கையுறை போட்ட கை. அது மட்டும் என்னுடையது.

“இது உன் கைதானே?” என்றார் அப்பா.

“கைதான். மத்ததெல்லாம் பொய்.”

அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்பா தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்பு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பேட்டரி சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் சரிவில் இறங்கி, கீழே பூங்காவில் ஒரு பழைய தையல்காரரோடு சதுரங்கம் ஆடிவிட்டு வருவார். இருவருக்கும் முப்பது வருஷப் பழக்கம். இவர் அவரை ‘டெய்லரே’ என்பார். அவர் இவரை ‘போஸ்ட்டு’ என்பார். பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நாற்காலியின் பேட்டரிக்கு ஆயுசு முடிந்துவிட்டது. ஒருநாள் ஏற்றத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. இனி யாரும் தன்னைத் தள்ளவும் கூடாது, காரில் தூக்கி வைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்று நான் பேட்டரிக் கடைக்காரரை வரவழைத்தேன். அதே வாரம்தான் அந்தச் செய்தியும் வந்தது. பேட்டரியும் கையுமாக வந்த மனிதரை அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

“இன்னும் கொஞ்ச நாள்தான். போட்டா என் பொண்ணு செஞ்ச பேட்டரியைத்தான் போடுவேன்.”

“அப்பா, அது ஒரு பொத்தான். இந்த நாற்காலியில போட்டா ஒரு அங்குலம் நகராது.”

“நீ எப்பவுமே உன்னைக் குறைச்சுத்தான் பேசுவ.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா அந்தச் செய்தித்தளத்துக்கு, பேட்டரி எப்போது கடைக்கு வரும் என்று கேட்டு எழுதினார். ‘விரைவில்’ என்று பதில் வந்தது. அந்த ஒற்றை வார்த்தையை நம்பி மூன்று வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் செய்தியை அனுப்பிவைத்தார். என் சித்தப்பா கூப்பிட்டு, இருக்கிற ஸ்கூட்டரை இப்போதே விற்றுவிடலாமா என்று கேட்டார்.

நான்காவது வாரம் தையல்காரர் போன் செய்தார். சனிக்கிழமை மகன் வந்து அவரைத் தன்னோடு வேறு ஊருக்கு அழைத்துப்போகிறானாம், இனி அங்கேதானாம். அவருக்கு மூட்டுவலி. எங்கள் மேட்டை ஏறி வர முடியாது. “அதுக்குள்ள வந்துடு போஸ்ட்டு” என்றார். அப்பா போனை வைத்துவிட்டு, “அதுக்குள்ள வந்துரும்ல?” என்று என்னைக் கேட்டார்.

நேரில் ஐந்து தடவை சொல்லியாயிற்று. ஐந்து தடவையும் தன்னடக்கம் என்று தள்ளிவிட்டார். வெளியாள் யாராவது சொன்னால் நம்புவார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்றபடி, அப்பா தினமும் படிக்கிற அந்தச் செய்தியின் கீழே, ‘பொத்தான்’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு சந்தையே கூடியிருந்தது. பெட்ரோல் கம்பெனிக்காரர்கள் இதை அமுக்கிவிடுவார்கள் என்று ஒருவர். இதைத் தான் எட்டாம் வகுப்பிலேயே யோசித்துவிட்டதாக ஒருவர். உப்புத் தண்ணீரில் வண்டி ஓட்டுபவர் ஒருவர். ‘முதலில் வரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று ஒரே ஒரு மனுஷன் எழுதியிருந்தார். அவரை நாற்பது பேர் திட்டியிருந்தார்கள். எனக்கு அவரைத் தேடிப் போய்க் கும்பிட வேண்டும் போல இருந்தது.

‘இது சட்டைப் பொத்தான் அளவு செல். பன்னிரண்டு செய்ததில் பதினொன்று செத்துவிட்டது. மிச்சம் இருப்பது அறுபது டிகிரி சூட்டில்தான் வேலை செய்யும். இதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்’ என்று போட்டேன்.

அப்பா ஒற்றை விரலால் தட்டுபவர். தட்டுகிற ஒவ்வொரு வார்த்தையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். கூடத்திலிருந்து குரல் கேட்டது. “ஐயா… தாங்கள்… வாழ்நாளில்… ஒரு பேட்டரியையாவது… கண்ணால்… பார்த்ததுண்டா… இப்படிக்கு… வாசகன்.” கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு விட்டுத் தோள்பட்டை தேய்ந்துபோனவளைப் பார்த்து, பேட்டரியைப் பார்த்ததுண்டா என்று கேட்கிறார்.

நானும் விடவில்லை. அறுபது டிகிரி சங்கதிக்குக் கட்டுரையின் ஆறாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஆறாம் பக்கம்வரை போகிற கூட்டமா அது? வாசகனுக்கு முந்நூறு லைக் விழுந்தது. எனக்குக் கிடைத்தது ‘பெட்ரோல் கம்பெனியின் கைக்கூலி’ என்ற பட்டம்.

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போனேன். “சார், நாம ஒரு திருத்தம் அனுப்பலாமே.”

“நாம தப்பா எதுவும் சொல்லலையே. அவங்க கொஞ்சம் உற்சாகமா எழுதிட்டாங்க.”

“பெட்ரோலுக்கு மூடுவிழான்னு போட்டிருக்காங்க.”

“அது அவங்க கருத்து.” பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அங்க பொத்தான்னு ஒருத்தர் எழுதறார், பாத்தீங்களா? பன்னிரண்டு செல்னு சரியா சொல்றார். உள்ள இருக்கற யாரோதான். கொஞ்சம் விசாரிங்க.”

“விசாரிக்கிறேன் சார்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மறுபடி தட்டல் தொடங்கியது. இந்த முறை நீளமாகப் போனது.

“ஐயா… படத்தில் உள்ள… அந்தக் கையை… நன்றாகப் பாருங்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரி… தினமும் காலை ஏழு மணிக்கு… வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். காய்ச்சலோடும்… போயிருக்கிறாள். தாயார் இறந்த… மறுவாரமே… மெஷினில் மாட்டியது என்ன ஆயிற்றோ என்று… போனாள். சலிப்பாக இருக்கிறது என்று… ஒருநாள்கூட… சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் செய்தது… செத்துவிட்டது என்கிறீர்கள். பொறாமை… உடம்புக்கு ஆகாது. இப்படிக்கு… வாசகன்.”

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இந்த வேலையில் சேர்ந்த அன்று அப்பா என்னைக் கேட்டது, ‘பஸ் வசதி இருக்கா?’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. இத்தனையும் மனசுக்குள் வைத்திருந்தவர், அதை ஊர் பேர் தெரியாத ஒருவனிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அன்று ராத்திரி முழுக்க வாயைத் திறக்க மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமையும் பேட்டரியோடு சேர்ந்து போய்விடும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை தையல்காரர் போய்விடுவார், இவர் ஜன்னலோரம் ‘விரைவில்’ என்று உட்கார்ந்திருப்பார். பெருமை எனக்கு வேண்டியது, நண்பர் அவருக்கு வேண்டியவர். புதன்கிழமை வேலையிலிருந்து வந்ததும் நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“அப்பா, அந்தப் பொத்தான் நான்தான்.”

“எந்தப் பொத்தான்?”

“மூணு நாளா நீங்க திட்டிக்கிட்டிருக்கற பொத்தான்.”

என் போனை நீட்டினேன். முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

“உன்னைக் கைக்கூலின்னு சொல்லிட்டேனே.”

“அது வேற யாரோ. நீங்க பொறாமைன்னு மட்டும்தான் சொன்னீங்க.”

“நான் அதுக்கு லைக் போட்டேன்.”

அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வீட்டுலயே இருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அஞ்சு தடவை சொன்னேன்ப்பா.”

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நிஜமாவே பதினொண்ணும் செத்துப்போச்சா?”

“நிஜமாத்தான்.”

“ஏன்?”

“தெரியாது. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.”

“ஒண்ணு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?”

“பூச்சு காயறதோட சேத்து ரெண்டு நாள்.”

“செத்தா?”

“கோடு போட்டுட்டு அடுத்ததைச் செய்வேன்.”

“பத்தொன்பது வருஷமாவா?”

“ஆமாப்பா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதை ஏன் அந்தச் செய்தியில போடல?”

“செத்ததை எல்லாம் யாருப்பா படிக்கப்போறாங்க.”

“நான் படிச்சிருப்பேன்” என்றார்.

எழுந்து போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை அவர் வந்தார். அரை மணி நேரத்தில் சாதாரணப் பேட்டரி இரண்டும் நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டன. ஐம்பது வருஷம் உழைக்காது, இரண்டு வருஷம் உழைக்கும், என்று கடைக்காரர் சொன்னார். இப்படிப் பேசுகிற ஒருவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அன்றைக்கே அப்பா அந்தச் செய்தியின் கீழே ஒரு திருத்தமும் போட்டார். ‘பொத்தான் அவர்களுக்கு. விசாரித்ததில் தாங்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரியவந்தது. மன்னிக்கவும். இப்படிக்கு, வாசகன்.’ முந்நூறு பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். ‘இவரையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள்’ என்று எழுதினார்கள். அப்பா அதை எனக்கு வாசித்துக் காட்டி, “நீ எனக்கு எவ்வளவு குடுத்தேன்னு கேட்டா என்ன சொல்லுவ?” என்றார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நானும் பூங்காவுக்குப் போனேன். அப்பா சரிவில் என்னை முந்திக்கொண்டு போனார். தையல்காரர் பலகையை விரித்துக் காய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார். நாளைக்கு இந்நேரம் அவர் அந்தப் பெஞ்சில் இருக்கமாட்டார். அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. நாலு வாரம் எங்கே போனாய் என்றும் அவர் கேட்கவில்லை. மூன்று ஆட்டம் ஆடினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஆட்டத்தின் நடுவில் தையல்காரர் கேட்டார். “ஏன் போஸ்ட்டு, உன் பொண்ணு ஏதோ பேட்டரி கண்டுபிடிச்சுட்டான்னு படிச்சேனே, அது என்ன ஆச்சு?”

“அதெல்லாம் பேப்பர்காரன் விடற கதை டெய்லரே. இவ செய்யறது எல்லாம் செத்துப்போகும்.” குதிரையை நகர்த்திவிட்டு, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே தொடர்ந்தார். “இந்த ஒரு வேலைக்கு மட்டும் எத்தனை செஞ்சு செத்துப்போச்சு தெரியுமா? அம்பது. விட்டாளா இவ? அடுத்த நாள் காலையில ஏழு மணிக்குப் போய் நிப்பா. உன்னால முடியுமா? என்னால முடியாது.”

தையல்காரர் கையில் எடுத்த காயை அப்படியே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அம்பதாம்மா?”

பதினொன்று என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

“அம்பதுக்கு மேலயே இருக்கும்” என்றேன்.