பலகையில் ஐந்து அங்குலம்

ஒரு மணிக்கு ஆர்லோ விட்மர் முற்றத்தில் பனி அளக்கும் வெள்ளைப் பலகையின் மேல் அளவுகோலை ஊன்றினார். ஐந்து அங்குலம். பன்னிரண்டு மணிக்குத்தான் பலகையைத் துடைத்திருந்தார். குனிந்து மறுபடி பார்த்தார். ஐந்துதான்.

மேற்கே, ஏரிப் பக்கம், வானம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அது நகரவில்லை. அதற்குள் இடி இடித்தது. காற்று கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு தகரத்தைப் பிய்த்து வேலியில் அடித்தது. வேலி சாய்ந்தது.

உள்ளே போய் நோரீனுக்கு ஃபோன் செய்தார். கீழே ஊரில் வானொலியில் வானிலை சொல்பவள். எத்தனை அங்குலம் விழும் என்று அவள் சொல்வதைக் கேட்டுத்தான் மேட்டுச் சாலையை மூடுவார்கள், பள்ளிக்கூடப் பேருந்துகளை நிறுத்துவார்கள். மேட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆர்லோ ஒருவர்தான்.

“அஞ்சு, நோரீன். ஒரு மணி நேரத்துல அஞ்சு. புயல் நம்ம தலைக்கு மேலயே நிக்குது, நகர்ற மாதிரி தெரியல. சாயங்காலத்துக்குள்ள முப்பது விழும்.”

“சரி ஆர்லோ. பன்னெண்டு, பதினஞ்சுன்னு சொல்லிடறேன்.”

“முப்பதுங்கறேன்! ரெண்டரை மணிக்கு பஸ்ஸுங்க மேல ஏறும்.”

“போன வாரமும் இப்படித்தான் ஆறுன்னு கத்தினீங்க. பக்கத்து ஊர்ல மூணுதான்.”

வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது பொய் இல்லை. பலகையை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் துடைக்க வேண்டும். நடுவில் கோலை ஊன்றிப் பார்க்கலாம், பனியைத் தொடக்கூடாது. விழுந்த பனி தன் கனத்தில் தானே அமுங்கும். அமுங்கியதுதான் அளவு. ஆர்லோ பதினோரு வருடமாக மணிக்கொருமுறை துடைத்தார். புதுப்பனி பஞ்சு மாதிரி நிற்கும். துடைத்துத் துடைத்துக் கூட்டினால் பத்து பதினைந்தாகும். அதற்கு மேல் வாயால் கொஞ்சம் சேர்ப்பார். ஏப்ரலில் ஆர்லோவின் ஊர் ஹார்க்னஸும் பக்கத்து ஊர் பாரல்ஸும் குளிர்காலத்துப் பனியின் மொத்தத்தை ஒப்பிடும். பனி குறைந்து தோற்ற ஊர் ஜெயித்த ஊருக்குக் காலைச் சாப்பாடு போட வேண்டும். பதினோரு ஏப்ரலாக பாரல்ஸ்காரர்கள் ஹார்க்னஸ்காரர்களின் தட்டில் பான்கேக் வைத்து மேப்பிள் பாகு ஊற்றினார்கள். ஊர்வலமாகப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். முன்னால் ஆர்லோ நடப்பார்.

பன்னிரண்டு மணி முறையாகத் துடைக்க வேண்டிய நேரம். இன்றைய ஐந்து நிஜமான ஐந்து.

வெளியே பனி தள்ளும் வண்டி வந்து நின்றது. கதவு சுவரில் மோதித் திறந்தது. டெல் ராபிஷோ. சாலைத் துறையில் வண்டி ஓட்டுபவன். போன ஜனவரியில் அவன் தம்பி கோரி மேட்டுச் சாலையில் காரோடு புதைந்துபோனான். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். புகைக்குழாயைப் பனி அடைக்க, புகை காருக்குள் நிறைந்து செத்துப்போனான். எட்டு அங்குலம் என்று வானொலி சொல்லியிருந்தது. முப்பத்தொன்று விழுந்தது.

“காலையில நோரீனைப் பாத்தேன்” என்றான் டெல். “அன்னிக்கு ஏன்டி எட்டுன்னு சொன்னன்னு கேட்டேன். கெழவன் சொன்னா பாதியைக் கழிச்சிட்டுத்தான் எடுப்பேன்னா. ஏன் கழிக்கறேங்கறதையும் சொன்னா.”

“டெல்லு…”

முதல் அடி வாயில் விழுந்தது. ஆர்லோ மேஜையோடு சாய்ந்தார். மேஜை கவிழ்ந்தது. டெல் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தான். மூக்கு உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது.

“பான்கேக்குக்காடா? திங்கற பான்கேக்குக்காடா?”

“அடி” என்றார் ஆர்லோ. வாயிலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. “முதல்ல நோரீனுக்கு ஃபோன் பண்ணு. அப்புறம் அடி. மணிக்கு அஞ்சு விழுது, டெல்லு. பஸ்ஸு வரும்.”

“இன்னும் பொய்யா?”

டெல் அவரைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். படியில் அவர் முழங்கால் மோதியது. பலகையருகே தள்ளி, பின்கழுத்தைப் பிடித்து முகத்தைப் பனிக்குள் அழுத்தினான். ஆர்லோவுக்கு மூச்சு இல்லை. பனி சிவந்தது. மேலே இடி இடித்தது. அவன் பிடி தளர்ந்தது.

“எவ்வளவுடா இது?”

“கோலை வெச்சுப் பாரு.”

“உன் கோலு, உன் பலகை. நான் ஏன் நம்பணும்?”

டெல் முழங்கையால் பலகையை ஒரே வீச்சில் வழித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “கால் மணி நேரம். இங்கயே நில்லு.”

நின்றார்கள். டெல் அவர் காலரை விடவில்லை. காற்று இருவரையும் மாறி மாறி அறைந்தது. கொட்டகை தெரியவில்லை. பிறகு வண்டி தெரியவில்லை. ஆர்லோவின் மூக்கு ரத்தம் மீசையில் உறைந்தது.

“உக்காரணும் போல இருக்கு.”

“அவன் உக்காந்துதான் செத்தான். நில்லு.”

கால் மணி ஆனது. டெல்லே கோலை ஊன்றினான். கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். ஒன்றே முக்கால். உதடு அசைந்தது. “மணிக்கு ஏழு.”

அவன் முகம் மாறியது. ஆர்லோவை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். ஃபோனில் எண்களை அழுத்தினான்.

“ஏழுன்னு சொல்லாத” என்றார் ஆர்லோ.

“என்ன?”

“நீ வழிச்சுட்ட. புதுப்பனி பொங்கி நிக்கும். அஞ்சுதான். அஞ்சுன்னு சொல்லு.”

டெல் அவரை ஒரு கணம் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு எண்ணைக் குறைத்தார்.

“நோரீன், டெல் பேசறேன். ஆர்லோ வீட்ல இருக்கேன். அஞ்சு. நானே கோலைப் பிடிச்சேன்… இல்ல, பாதி கீதின்னு பேசாத. அஞ்சு. ரோட்டை மூடச் சொல்லு… அவரா? இருக்காரு. பல்லை உடைச்சிட்டேன். மூடச் சொல்லு!”

ஐந்து நிமிடத்தில் வானொலி சொன்னது: மேட்டில் முப்பது அங்குலம், மேட்டுச் சாலை மூடல், பேருந்துகள் பள்ளியிலேயே நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக யாரும் வண்டி எடுக்க வேண்டாம், ராத்திரி அங்கேயே தங்குவார்கள்.

டெல் நாற்காலியில் உட்கார்ந்தான். விரல் கணுக்களில் தோல் போயிருந்தது.

“கோரி போன அன்னிக்கு நெசமா மணிக்கு எவ்வளவு?”

“அஞ்சு.”

“நீ எவ்வளவு சொன்ன?”

“ஏழு.”

“அஞ்சுன்னே சொல்லியிருந்தா?”

ஆர்லோ வாயில் அழுத்தியிருந்த துண்டை எடுத்தார். பொய் சொல்ல இடம் இருந்தது.

“அதையும் பாதியாக்கியிருப்பா. பத்து வருஷமா அவளை அப்படிப் பழக்கி வெச்சிருந்தேன்.”

டெல் எழுந்தான். ஆர்லோ கையைத் தூக்கவில்லை. அடி காதோரம் விழுந்தது. அவர் அடுப்பின் பக்கவாட்டில் மோதிக் கீழே விழுந்தார். கையின் தோல் சூட்டில் ஒட்டி உரிந்தது. டெல் அவர் மேல் நின்று மூச்சு வாங்கினான். மறுபடி அடிக்கப்போகிறான் என்று ஆர்லோ நினைத்தார். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டி உறுமியது. சாலையில் ஏற்கெனவே ஏறிவிட்ட கார் ஏதாவது இருக்கலாம். அவன் தேடிப் போகிறான்.

ஆர்லோ தரையிலேயே கிடந்தார். ஃபோன் அடித்தது. நோரீன் இதுவரை தானாகக் கூப்பிட்டதே இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தார்.

“ரெண்டு மணி ஆச்சு ஆர்லோ. இப்ப எவ்வளவு?”

ஜன்னல் வழியாகப் பார்த்தே ஒரு எண் நாக்குக்கு வந்தது. பதினோரு வருடமாக அப்படித்தான் வரும்.

“இன்னும் பாக்கல” என்றார். “போய்ப் பாத்துட்டுச் சொல்றேன். லைன்ல இரு.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“பல்லு போச்சு. இரு.”

கோலைத் தேடி எடுத்தார். கதவைத் திறந்ததும் காற்று அவரைச் சுவரோடு அறைந்தது. தலையைக் குனிந்துகொண்டு பலகையை நோக்கிப் போனார்.